யாருமில்லாதவங்க மடம்

மொதல்ல எனக்கு வழிச்சு விடப்பா முனிசாமி. அவனுக்கு என்ன அவசரம், உள்ள பாயில படுத்துக்கிட்டுதான இருக்கான். இனிமே எந்திரிச்சு எங்கயும் போகப் போறதில்ல.

பொணத்துக்குச் சவரம் பண்ணத்தான் மடத்துச் சாமி உன்னக் கூப்பிட்டாரு, தெரியும். அதுக்குன்னு உசுரோட இருக்கறவன் தாடியோட திரியணுமா? இந்த மரத்தடியே போதும். சொம்புல தண்ணி கொண்டாந்திருக்கேன். உக்காரு.

அப்படிப் பாக்காதப்பா. பொணம் கெடக்கற எடத்துல இப்படிப் பேசக் கூடாதுதான். ஆனா அவன் உசுரோட இருந்தப்பவே நான் அவனுக்கு மரியாத குடுத்ததில்ல. பேசினதே இல்லன்னு வெச்சுக்க. பக்கத்துப் பக்கத்துப் பாயி. ஒரு வார்த்த கெடயாது.

திம்மப்பன்னு பேரு. ஜவளகிரிப் பக்கம். காட்டோரமா ராகியும் கொள்ளும் போட்டுக்கிட்டு இருந்தான். மழ இல்லாமப் போச்சே, அந்த வருசங்கள்ல எல்லாரும் போன மாதிரி இவனும் கெளம்பிட்டான். கிருஷ்ணகிரியில அணக்கட்டு வேலைக்கு மண்ணு சுமந்தான். இருமல் புடிச்சுக்கிச்சு. ரோட்டோரமா சுருண்டு கெடந்தவனச் சாமிதான் மாட்டு வண்டியில போட்டுக் கூட்டியாந்தாரு.

எனக்கு எப்படித் தெரியும்னா? மடத்துல பேசிக்குவாங்க. காது இருக்கில்ல.

நீ இந்த மடத்துக்குப் புதுசு. மின்ன உன் மாமன்தான் வருவான். இது பஜனை மடம்பா. காலையில பஜனை, ரெண்டு வேள களி. வீடு வாசல் இல்லாதவன் ஒடம்பு தேறுற மட்டும் இருந்துக்கலாம். தேறிட்டா சாமியே ஒரு வேல பாத்து அனுப்பி வெச்சிடுவாரு. எனக்கும் பாத்துட்டாரு. பர்கூர் ரோட்டுல ஒரு மாந்தோப்பு, காவல் வேல. தோப்புக்குள்ளயே குடிச. வெள்ளிக்கிழம தோப்புக்காரர் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு. நானே தொறந்து நானே சாத்தற கதவு ஒண்ணு. அப்படி ஒண்ணு இருந்து எவ்வளவு காலமாச்சு தெரியுமா உனக்கு.

ஆனா மடத்துல ஒரு கட்டு இருக்கு. சொந்தபந்தம் இருக்கறவனுக்கு எடம் கெடயாது. மின்ன, நல்லா கல்லுக்குண்டாட்டம் இருக்கற மகனுங்கெல்லாம் பெத்தவங்களக் கொண்டாந்து இங்க தள்ளிட்டுப் போனானுங்களாம். அதனால வர்றவனச் சாமி நரசிம்மர் முன்னால நிறுத்திக் கற்பூரம் ஏத்துவாரு. எனக்கு யாருமில்லன்னு சொல்லிக் கையால அணைக்கணும். பொய்ச் சத்தியம்னு தெரிஞ்சுதோ, அன்னிக்கே மூட்டயக் கட்ட வேண்டியதுதான். மடமும் இல்ல, அவர் பாத்து வெச்ச வேலயும் இல்ல. செல்லின்னு ஒரு பொம்பள, தங்கச்சி இருக்கறத மறச்சிட்டா. தெரிஞ்சு போச்சு. அவளும் அழுதா, சாமியும் அழுதாரு. அழுதுக்கிட்டே அனுப்பிட்டாரு.

இந்தத் தாடையில இன்னொரு இழுப்பு இழுத்து விடு.

காலையில பஜனை முடிஞ்சதும் சாமி கேட்டாரு, திம்மப்பனுக்கு யாராச்சும் கொள்ளி வெக்கிறீங்களான்னு. எல்லாரும் பின்னால நகந்துட்டானுங்க. எவன் எவளுக்குப் பொறந்தவனோ, அவன் பாவத்த நாம ஏன் சொமக்கணும்னு பயம். வெங்கடப்பா, பக்கத்துலயே படுத்திருந்தியே, அவன் ஊரு ஒறவு ஏதாச்சும் தெரியுமான்னு என்னத் தனியாவும் கேட்டாரு. தெரியாது சாமின்னுட்டேன். சாயங்காலம் பஞ்சாயத்து வண்டி வரும். குழியில எறக்கி மண்ணத் தள்ளுவானுங்க. அனாதப் பொணத்துக்கு வெறகு எவன் குடுப்பான்.

இப்பத்தான் ஜவளகிரின்னு சொன்னேனா? சொன்னேன். உன் வேலயப் பாருப்பா.

கோவம்தான். ஒண்ணா ரெண்டா. பஜனையில ஊரே ஒரு பக்கம் பாடும், அவன் தனியா இன்னொரு பக்கம் போவான். சின்னதுலருந்தே அப்படித்தான். படுத்தா எடது பக்கம் திரும்ப மாட்டான், மரத்துலருந்து விழுந்த தோளு. அதனால விடிஞ்சா என் மூஞ்சிக்கு நேரா அவன் மூஞ்சி. அப்பறம் இந்தக் களி. அவன் பரிமாறற மொறையில எல்லாருக்கும் நல்ல உருண்ட விழும். எனக்கு மட்டும் சட்டிய அடியோட சொரண்டிக் கருகின காந்தலப் போடுவான். சமையக்கார சரசம்மாகூட, அந்த மனுசன் என்னடா பாவம் பண்ணான்னு திட்டியிருக்கு. தலையக் குனிஞ்சுக்கிட்டு அடுத்த எலைக்குப் போயிடுவான்.

தின்னேன். ஏன் திங்காம? காந்தல்னா எனக்கு உசுரு. பொடிசுல சட்டிக்குச் சண்ட போட்டுக் கட்டிப் பொரளுவோம்.

அவனுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறியா. கத்தியப் பாத்து இழு, காதுகிட்ட போற.

எனக்குக் கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருந்தான். மூத்தவன். கெணத்துப் பக்கத்து நெலம் எனக்கா உனக்கான்னு வாய்த் தகராறு. பேச்சு நின்னு போச்சு. என் பொண்டாட்டி கெம்பம்மா செத்தப்ப சொல்லி அனுப்பிச்சேன். வரல. தூக்கறதுக்கு ஆளு பத்தாம நின்னேன். அவ கையால எத்தன தடவ தின்னவன். அன்னிக்கு ஊர்ல நின்னு கத்தினேன், அவன் சாவுக்கு நான் போனா என்னச் செருப்பால அடிங்கன்னு. இங்க வந்து கற்பூரம் அணைச்சப்பக்கூட, எனக்கு யாருமில்லங்கறது பொய்யின்னே தோணல.

முடிஞ்சுதா? எங்க எந்திரிக்கற. உக்காரு. தலையையும் எடுத்துடு. மீசையையும்.

ஆமாப்பா, சரியாத்தான் கேட்ட. மீசையுந்தான்.

நான் போகல பாரு. அவன்தான் என் பக்கத்துல வந்து செத்தான்.

நான் இங்க வந்து கொஞ்ச நாள் கழிச்சு வண்டியிலருந்து எறக்கினாங்க. எலும்பும் தோலுமா. நரசிம்மர் முன்னால நிறுத்திச் சாமி கற்பூரம் ஏத்தினாரு. நான் தூணுகிட்ட நின்னுட்டிருந்தேன். என்னப் பாத்தான். நல்லாப் பாத்தான். பாத்துக்கிட்டே, எனக்கு யாருமில்ல சாமின்னு கையால அணைச்சான்.

கோவத்துல சொன்னானா, இல்ல தம்பி சத்தியம் பொய்யாப் போயி அவன் எடம் போயிடுமேன்னு சொன்னானா, தெரியல. கேட்டிருக்கலாம். கை நீட்டினாத் தொடற தூரத்துலதான் படுத்திருந்தான்.

வெள்ளிக்கிழமயா? தோப்புக்காரருக்குச் சாமி வேற ஆள் பாத்துக் குடுப்பாரு. புள்ளகுட்டி இல்லாம செத்தா தம்பிதான கொள்ளி வெக்கணும்.

நீ வழி. வண்டி வர்றதுக்குள்ள நான் போயிச் சாமிகிட்டச் சொல்லணும்.