மேஸ்திரிக்குக் கெடைச்ச வீடு

மணி விடியக்காலம் மூணே முக்கால். கல் குவாரிக்குப் போற ரோடு. ரெண்டு பக்கமும் பொட்டல்... ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. கொஞ்சம் நெருங்கி உக்காருங்க, சத்தமாச் சொல்ற கதை இல்ல இது. என் சிநேகிதனோட அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. கண்ணாடி வெட்டுற கடை வெச்சிருக்கார். குவாரி ஆபீஸுக்கு ராத்திரியே வேணும்னு கேட்ட ஜன்னல் கண்ணாடியை எறக்கிட்டு, காலி வேனை ஓட்டிட்டுத் திரும்பிட்டிருந்தார்... தனியா.

ரோட்டுல என்ன பாத்தார்ங்கறதுக்கு முன்னாடி சேவல் கதையைச் சொல்லிடறேன்.

அவருக்கு ஒரே பொண்ணு. ஒம்பது வயசு. ஆறு கோழிக்குஞ்சு வாங்கி வளத்துச்சு. வித்தவன் ஆறும் பெட்டைதான்னு அடிச்சு சொன்னான். அஞ்சு சரிதான்... ஆறாவது ஒரு நாள் மதில் மேல ஏறி, நெஞ்சை நிமித்திக் கூவுச்சு! நடக்குற நடையைப் பாத்தா ஊர்ல நடக்குற வேலை அத்தனையும் அது சொல்லித்தான் நடக்குதுன்னு தோணும். பொண்ணு அதுக்கு மேஸ்திரின்னு பேர் வெச்சுச்சு.

மாடியில ஒரு நர்ஸம்மா குடியிருந்தாங்க. ராத்திரி டூட்டி, பகல்லதான் தூக்கம். மேஸ்திரிக்குப் பகல் ராத்திரியெல்லாம் கணக்கே இல்ல. பாவம், அந்தம்மாவையும் குத்தம் சொல்ல முடியாது. இவங்க இருந்தது வாடகை வீடு; சேவலை அனுப்பிடணும்னு வீட்டுச் சொந்தக்காரர் பத்து நாள் கெடு குடுத்துட்டார்.

பெட்டைன்னா வாங்கிட்டுப் போக ஆளுங்க போட்டி போடுவாங்க. சேவலை யார் கேக்கறா? இவர் போன் பண்ணவங்க எல்லாம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கிலோ தேறும்?"

இதுக்கு நடுவுல பொண்ணு படுத்துடுச்சு. ரத்தத்துல ஏதோ நோய். ஆஸ்பத்திரியில கெடந்துக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. "அப்பா, அறுக்காத வீடாப் பாத்துக் குடுப்பா."

சேவல் கழுத்துல ஒரு துணிப்பட்டை கட்டுனா கூவுற சத்தம் அடங்கும்னு யாரோ சொன்னாங்க. ஆனா உள்ள ஒரு விரல் நுழையற அளவுக்கு எடம் விடணும். கட்டினார். அப்பவும் கூவுச்சு. நாலு ராத்திரியா ஆஸ்பத்திரி பெஞ்சுல முழிச்ச மனுஷன்... இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

காலையில மேஸ்திரி விறைச்சுக் கெடந்துச்சு.

மயிரிழை பிசகாம கண்ணாடி வெட்டுற கை அது. அந்தக் கையாலயே கடைக்குப் பின்னால குழி தோண்டிப் புதைச்சார். நேரா ஆஸ்பத்திரிக்குப் போய், "நல்ல வீடு கெடைச்சிடுச்சும்மா"ன்னு சொன்னார். பெத்த மனசு, வேற என்ன சொல்லும்?

பொண்ணு விடுமா? எங்க, எப்படிப் போகணும், யார் வீடு... துருவித் துருவிக் கேட்டுச்சு. இவரும் வாய்க்கு வந்ததைச் சொன்னார். "குவாரி ரோட்டுல நேராப் போனா நீலக் கேட்டு போட்ட வீடு. உள்ள பெரிய தோட்டம். எட்டுப் பெட்டைக்கு நம்ம மேஸ்திரிதான் ராஜா." தினமும் அதையே சொல்லச் சொல்லிக் கேட்டுச்சு. கடைசி நாள் மூச்சு வாங்கிக்கிட்டே, "வழி எனக்கு மனப்பாடம்பா"ன்னுச்சு.

பொண்ணு போய் மூணு மாசம்.

இப்ப ரோட்டுக்கு வாங்க. வேன் போயிட்டிருக்கு... திடீர்னு ஒரு வாசனை. கோழிக்குப் பிசையற ஈரத் தவிடு. அதோட ஆஸ்பத்திரி மருந்து நெடி. லைட் வெளிச்சத்துல இடது பக்கம் ஒரு கேட்டு தெரிஞ்சுது.

நீலக் கேட்டு.

அவர் வாயில பொறந்த கேட்டு அது. எத்தனையோ தடவை அந்த ரோட்டுல போயிருக்கார், அங்க ஒண்ணுமே கிடையாது. வேனை நிறுத்தினார். எறங்கினார். கேட்டுக்கு அந்தப் பக்கம் சருகு மேல யாரோ நடக்கற சத்தம்... சரக், சரக்... சின்னக் காலு.

"அப்பா... எல்லா எடத்துலயும் தேடிட்டேன்பா. மேஸ்திரி இங்க இல்ல."

அவருக்கு இதுக்கு மேல பொய் வரல. "செத்துட்டான்மா... நான்தான் பட்டையை இறுக்கிட்டேன். உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்டா கண்ணு."

சரக், சரக்... சின்னக் காலு கேட்டுப் பக்கத்துல வந்து நின்னுச்சு.

"சரிப்பா... அப்ப நான் வீட்டுக்கு வரேன். எப்படிப்பா வரணும்? இங்க வர்ற வழி மட்டும்தானே சொல்லிக்குடுத்த?"

கேட்டைத் தெறக்கக் கை நீட்டினார். கை காத்துல போச்சு. குப்புற விழுந்தார். தலையைத் தூக்கினா... பொட்டல். கல்லும் முள்ளும்தான்.

அப்புறம் அவர் அந்த வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு, ஊருக்கு வெளிய தனி வீடு பாத்துக்கிட்டார். யாருக்கும் வேண்டாத சேவல்னா போதும், போய் வாங்கிட்டு வந்துடுவார். இப்ப பதினேழு நிக்குது. ஒண்ணு கழுத்துலயும் பட்டை கிடையாது. எதுக்குய்யா இத்தனைன்னு கேட்டா, "சத்தம் கேட்டாத்தானே வழி தெரியும்"பார். கேட்டவங்க சிரிச்சுட்டுப் போயிடுவாங்க.

போன வாரம் என் சிநேகிதன் அங்க தங்கியிருக்கான். விடியக்காலம் பதினேழும் ஒண்ணா ஆரம்பிச்சுதாம்... காது கிழியுது. பக்கத்து ரூம்ல அக்கா எழுந்து உக்காந்திருந்தாங்களாம். அவங்களுக்கு அது பழகிப்போச்சு.

திடீர்னு அத்தனையும் ஒரே நேரத்துல நின்னுச்சு.

வாசக்கதவு தெறக்கற சத்தம். லைட் போடல. இருட்டுல தரையில உக்காந்துக்கிட்டு அவர் மெதுவாப் பேசறது மட்டும் கேட்டுதாம்...

"நடந்தேவா வந்த கண்ணு? காலை நீட்டு... எவ்வளவு முள்ளு."