புளி போட்டுத் தேய்த்த காசு

ஒனிஹங்காவுக்குப் போகும் ரயிலில் எனக்கு முன் சீட்டில் ஒரு யாழ்ப்பாணத்துக் கணவனும் மனைவியும். ஏலத்துக்கு வரும் அமெரிக்காவின் ஆதிகாலச் செப்புக்காசுகளை அவர் போனில் காட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பாரும். அப்பா கப்பலில வேலை செய்யேக்க கொண்டு வந்த அதே காசு. காசில தலைமயிர் விரிச்ச அதே பொம்பிளை."

"இது கறுப்பெல்லே. எங்கட காசு நல்லா மினுங்குது. அதையும் ஏலத்துக்குக் குடுக்கலாமே?"

"கேட்டனான். தேய்ச்ச காசு எடுக்கமாட்டினமாம். வருசக்கணக்கில ஏறின அந்தக் கறுப்புத்தானாம் முக்கியம்."

"நான்தான் நவராத்திரிக்கு விளக்குகளோட சேத்துப் புளி போட்டுத் தேய்ச்சனான். சாமித்தட்டில வைக்கிற சாமான் ஊத்தையா இருக்கக் கூடாதெண்டு."

"ஓம். அதுக்கென்ன."

ரயில் பென்ரோஸ் ஸ்டேஷனில் நின்றபோது மனைவி அவர் பக்கம் திரும்பினார்.

"மாமா அதை எப்பவும் கையில வச்சுத் தடவிக்கொண்டே இருப்பார், என்ன?"

"கதைக்கேக்கயும் தடவுவார். சாகேக்கயும் கைக்குள்ளதான் இருந்தது."

"அப்ப நான் கழுவி ஊத்தினது மாமாவின்ர கை பட்டுக் கறுத்ததையெல்லோ."

அவர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"வீட்ட போனதும் அதைத் தட்டில இருந்து எடுத்துத் தாரும். நான் கையில வச்சிருக்கிறன். கறுக்கட்டும்."