தாய்மாமன் மடி

வேடியப்பன்: சன்னலாண்ட குந்து பூவிழி. ஜீப்பு மலை ஏறப்போவுது, இனிமே வளைவுதான்.

பூவிழி: எனக்கு ஒன்னும் ஆவாது. டாக்டரு இன்னா சொன்னாருண்ணா?

வேடியப்பன்: போன தபா எறங்கறப்ப வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்த... மலையில பொறந்தவளுக்கு வாந்தி! டிரைவரே சிரிச்சான்.

பூவிழி: பேச்ச மாத்தாத. என்னை வெளிய குந்த வெச்சிட்டு நீ மட்டும் உள்ள போன. என் எலும்புல இருந்து மஜ்ஜைய எடுத்து உனக்கு ஏத்தலாமா? என் ரத்தம் உனக்குச் சேந்துச்சா?

வேடியப்பன்: ...சேரல.

பூவிழி: ஒரே வயித்துல பொறந்தோமே!

வேடியப்பன்: பொறந்தா? அப்பன்கிட்ட பாதி, ஆத்தாகிட்ட பாதி வருதாம். எனக்கு வந்த பாதியே உனக்கும் வரணும்னு இல்லியாம். கூடப் பொறந்தவங்க நாலு பேர்ல ஒருத்தருக்குத்தான் அமையுமாம்.

பூவிழி: அப்ப மாத்திர...

வேடியப்பன்: அதான் கேக்கலியே. எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற எடத்துல, ஒரு அணுவுக்குள்ள நூலு மாதிரி இருக்கறதுல ரெண்டு துண்டு எடம் மாறி ஒட்டிக்கிச்சாம். அதுலேர்ந்து கெட்ட அணுவா பெருகித்தான் இந்த ரத்தப் புத்து. மாத்திர அதுக்குப் பூட்டு போடும். இப்ப அந்தப் பூட்டு மாட்டுற எடமே மாறிப்போச்சாம்.

பூவிழி: நம்ம வம்சத்துல யாருக்கும் இல்லியேண்ணா...

வேடியப்பன்: வம்சத்துல வர்றதில்ல இது. எனக்குள்ள தானா வந்தது. ஊர்ல எவனாச்சும் பரம்பர நோயின்னா நம்பாத. உனக்குப் பொறக்கப்போறதுக்கு வராது.

பூவிழி: ...எனக்கா? யாரு சொன்னா?

வேடியப்பன்: சும்மா... ஒரு பேச்சுக்கு.

பூவிழி: என் மூஞ்சியப் பாரு. உனக்குப் பேரு வெச்ச வேடியப்பன் சாமி மேல சத்தியமா சொல்லு. சேரலியா?

வேடியப்பன்: சத்தியமெல்லாம் எதுக்கு? வெளிய பாரு.

பூவிழி: அண்ணா!

வேடியப்பன்: கத்தாத, ஆளுங்க பாக்கறாங்க. ...சேந்துச்சி. அச்சு அசலா சேந்துச்சாம்.

பூவிழி: அப்பறம் ஏன் பொய் சொன்ன?

வேடியப்பன்: மாசமா இருக்கறவகிட்ட எடுக்க மாட்டாங்களாமே. போன தபா நர்சம்மாகிட்ட நீ அதக் கேட்டது என் காதுல வுழுந்துச்சி. வாந்தியும் பாத்தேன். புள்ளைக்காக இத்தினி வருஷம் கோயில் கோயிலா சுத்துனவ... நல்லபடியா பெத்துக்க.

பூவிழி: அதுவரைக்கும் நீ?

வேடியப்பன்: தாங்காதுன்னுட்டாரு. போவட்டும் வுடு. இன்னா... காது குத்தறப்ப என் மடி இருக்காது. சித்தப்பன் மவன் குமரேசன் மடியில வெச்சிக் குத்திடு. தாய்மாமன் மொறதான அவனும்? ஏய், எதுக்கு அழுவுற? கடைசி வளைவு வருது பாரு. உனக்குன்னு புளிப்பு முட்டாய் வாங்கியாந்தேன். இந்தா, வாயில போடு.

பூவிழி: வேணாம்.

வேடியப்பன்: வாந்தி வரும்டி!

பூவிழி: வராதுண்ணா. இத்தினி வளைவு ஏறிட்டோம்... ஒரு தபா வந்துச்சா? நீ பொழைக்கணும்னு... போன வாரமே கலைச்சிட்டேன்.