மூணு தண்ணி பெல்

“தண்ணி குடிக்கிற மாதிரி நடிச்சு நடிச்சே கிட்னியில கல்லு வந்துருச்சுக்கா.”

காக்ஸ் டவுன் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டு டீச்சர், மடியில் ஸ்கேன் கவரோடு, பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னார்.

“நடிச்சியா?”

“பசங்க தண்ணி குடிக்க ஸ்கூல்ல தினம் மூணு பெல் அடிக்கிறோம். டீச்சரும் குடிச்சுக் காட்டணும். நான் பாட்டிலை வாயில வெச்சுட்டு எடுத்துடுவேன்.”

“குடிச்சா என்னடி?”

“டாய்லெட் சாவி ஹெட்மாஸ்டர் டிராயர்ல இருக்கு. போய்க் கேட்டா, ‘இப்பதானே போனீங்க’ன்னு எல்லார் முன்னாடியும் சொல்றாரு!”

“அந்தாளை நாலு வார்த்தை கேக்காமயா வந்தே?”

“நாளைக்குக் கேக்கத்தான் போறேன். எனக்காக இல்லக்கா. இன்னைக்கு என் கிளாஸ் பொண்ணுங்களும் பாட்டிலை வாயில வெச்சுட்டு எடுக்குதுங்க. ஏன்டின்னு அதட்டினேன். ‘எங்க டாய்லெட்டுல தாழ்ப்பாளே இல்ல மிஸ்’ங்குது ஒண்ணு.”