குளவிக்குக் குளிர் விடும் நேரம்

எல்லா உயிரும் ஓருயிர் என்று நம்புகிறவன் நான். கரப்பான் மட்டும் விலக்கு. அது படத்தில் எடுபடாது.

முதலிலிருந்தே சொல்லச் சொன்னீர்கள், ஐயா, சொல்கிறேன். பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறேன். மற்ற நேரமெல்லாம் வீட்டைச் சுற்றியுள்ள பூச்சிகளைப் படம் பிடிக்கிறேன். சிற்றுயிர் நேசர் மன்றத்துக்கு நான்தான் தலைவர். உறுப்பினர் ஐந்து பேர். அதில் இருவர் என் பேச்சுக்குப் பயந்து கூட்டத்துக்கு வருவதில்லை. "பூச்சியின் போக்கில் மனிதன் குறுக்கிடக் கூடாது" என்று ஆண்டு விழாவில் நான் முழங்கியபோது முன்வரிசையில் கைதட்டல் ஓயவேயில்லை. அங்கே கொசு அதிகம் என்று பிறகு சொன்னார்கள்.

குறுக்கிடாமல் படம் எடுப்பதில் ஒரு சின்னக் கைப்பழக்கம் இருக்கிறது. பூச்சியை டப்பாவில் போட்டு ஃபிரிஜ்ஜில் வைத்துவிட வேண்டும். குளிரில் விறைத்துப் போகும், சாகாது. வெளியே எடுத்தால், உடம்பில் சூடேறும்வரை வைத்த இடத்தில் இருக்கும். இதை மேடையில் சொல்வதில்லை.

என் மனைவிக்குக் குளவி கொட்டினால் ஆகாது. ஒருமுறை கொட்டி, தொண்டை அடைத்து, மயிரிழையில் பிழைத்தாள். ஒவ்வாமைக்கான ஊசி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் அதை என் கேமராப் பையில் வைத்தாள்.

"என்னை மறந்தாலும் மறப்பீங்க, இந்தப் பையை மறக்கமாட்டீங்க" என்றாள்.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே குளவிகள் கூடு கட்டின. காகிதத்தில் செய்த மாதிரி, ஒவ்வொரு அறையும் அளவெடுத்த மாதிரி. அவள் அண்ணன் ஏணியோடு வந்து நின்றார்.

"தள்ளுங்க மாப்பிள்ளை. ஒரு குச்சி போதும்."

"முட்டை பொரியற நேரம் மச்சான். ஒரு வாரம் பொறுங்க. ஜன்னலைச் சாத்தித்தானே வெச்சிருக்கோம்."

"உங்களுக்குப் பொண்டாட்டி வேணுமா, குளவி வேணுமா?"

"விடுண்ணா" என்றாள் அவள். "படமெடுத்துப் போட்டிக்கு அனுப்பணும்கறார். இத்தனை வருஷமா அனுப்பறார், ஆறுதல் பரிசுகூட வரல. பாவம்."

அந்தப் 'பாவம்' என்னைக் கொஞ்சம் புண்படுத்தியது. மற்றபடி எங்கள் குடும்பத்தில் சண்டை சச்சரவு கிடையாது.

மச்சான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் புது லென்ஸ் வாங்கினேன். பையில் இடம் போதவில்லை. ஊசிப் பெட்டியை எடுத்துப்போய் அலுவலக மேசை இழுப்பறையில் வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் வீணாகக் கவலைப்படுவாள்.

அன்று விடுமுறை. ஜன்னல் வெளிச்சம் பால்போல் இருந்தது. ஃபிரிஜ்ஜிலிருந்து ஒரு குளவியை டப்பாவோடு எடுத்து அடுப்புக்கு மேலுள்ள தட்டில் வைத்துவிட்டு, லென்ஸ் மாட்டினேன். டப்பாவின் மூடியை இறுக்க மாட்டேன். மூச்சு முட்டக் கூடாதல்லவா, அது ஜீவகாருண்யம். அவள் சர்க்கரை எடுக்கக் கை நீட்டினாள். டப்பா சரிந்தது. குளவி அவள் தோளில் விழுந்து, கழுத்தை நோக்கித் தள்ளாடி நடந்தது.

"ஏங்க, கழுத்துல என்னமோ ஊருது."

"அசையாத."

"குளவியா?"

"அசையாத. நான் பாத்துக்கறேன்."

யாரைக் கேட்டாலும் அதுதான் சரியான அறிவுரை என்பார்கள். அவள் என்னை நம்பி மரமாக நின்றாள். குளிர் விடாத குளவிக்குப் பறக்க வராது, கொட்டவும் தெம்பிருக்காது. விரல் நுனியால் தட்டினால் தரையில் விழும். அந்த வீட்டில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் வெளிச்சம் அதன் சிறகில் ஊடுருவியிருந்தது. பின்னால் அவள் கழுத்தின் நிறம். எந்த இலையும் அப்படி ஒரு பின்னணி தந்ததில்லை.

"அது என்னங்க சத்தம், டிக் டிக்குனு?"

"ஒண்ணுமில்ல. தலையை மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்."

சாய்த்தாள். அதற்குள் குளவிக்குச் சூடேறிவிட்டது.

கொட்டியதும் அவளுக்குப் பேச்சு வரவில்லை, பையைக் கைகாட்டினாள். திறந்து காட்டினேன். பழைய லென்ஸ் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் சீக்கிரம்தான் வந்தது. அதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

மச்சான் அன்றைக்கே கூட்டைக் கொளுத்தினார். உள்ளே அத்தனை குஞ்சுப் புழுக்கள். அதைப் பற்றி இதுவரை யாரும் விசாரிக்கவில்லை.

விபத்து என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம், ஐயா. ஊசியை அகற்றியவன் நான். தட்டிவிடத் தெரிந்தும் தட்டாதவன் நான். அவளைக் கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். குளவியின் போக்கில் நான் குறுக்கிடவில்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இருப்பதிலேயே நல்ல படத்தைப் போட்டிக்கு அனுப்பினேன். திருப்பிவிட்டார்கள். ஃபோகஸ் குளவிமேல் விழவில்லையாம். அவள் காதுத் தோட்டின்மேல் விழுந்திருந்தது.