வண்டிக்கு அடியில் காய்ந்திருந்த தரை

08.01.2026 வியாழக்கிழமை மாலை 6.10 மணிக்குத் திண்டிவனத்தில், காவல் உதவி ஆய்வாளர் முன்பாகச் சாட்சி சொல்லச் சொல்லத் தலைமைக் காவலர் எழுதிக்கொண்டது:

என் பெயர் விருத்தாசலம், வயது 57, தகப்பனார் பெயர் பூமாலை. விழுப்புரம் மாவட்டம் கோலியனூர் ஏரிக்கரைத் தெருவில் குடியிருக்கிறேன். கோலியனூர் கூட்ரோட்டில் முப்பத்தொரு வருடமாக டீசல் வண்டி மெக்கானிக்காகத் தொழில் செய்து வருகிறேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானே பஸ் ஏறி வந்தேன். இன்று காலை 11 மணியளவில் திண்டிவனத்தில் பழைய கார் விற்கும் கோகுலகிருஷ்ணனை அவருடைய இடத்திலேயே வீல் ஸ்பேனரால் அடித்து வலது கையை முறித்ததாக நீங்கள் பிடித்து வைத்திருக்கும் அன்புச்செல்வன் எனக்கு அடுத்த வீடு. அவர் அடித்ததை நான் பார்க்கவில்லை. ஏன் அடித்தார் என்பது எனக்குத் தெரியும்.

அன்புச்செல்வனுக்கு வயது 38, அரிசி மில்லில் மினி லாரி ஓட்டுகிறார். அவர் மனைவி கலைப்பிரியாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்குப் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் மெஷினில் படுத்து ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். நவம்பர் வரை பஸ்ஸில் போய் வந்தார்கள். அதன் பிறகு அவளால் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியவில்லை. அதனால் பின்பக்கம் நீளமான டீசல் கார், பின் சீட்டை மடக்கினால் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கிற மாதிரியான வண்டி ஒன்றைத் தேடினார்கள். அந்த வீட்டில் அன்புச்செல்வனைத் தவிர வண்டி ஓட்டத் தெரிந்தவர் யாரும் கிடையாது.

எங்கள் பக்கத்தில் யார் பழைய டீசல் வண்டி வாங்கினாலும் என்னைக் கூட்டிப் போவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், கை சுத்தம். நான் போனதும் பேசாமல் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பேன். சூடாக இருந்தால் பார்க்க மாட்டேன். சூட்டில் எல்லா எஞ்சினும் யோக்கியன்தான், ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த எஞ்சின் காலையில் முதல் செல்ஃபில் என்ன சொல்கிறது என்பதுதான் வண்டியின் லட்சணம் என்று நானே பத்துப் பேருக்காவது வகுப்பு எடுத்திருக்கிறேன். எஞ்சினைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்று கோகுலகிருஷ்ணனுக்கு முதல் நாளே நான் போனில் சொல்லியிருந்தேன். காலை பத்து மணிக்கு வரச் சொன்னவர் அவர்.

12.12.2025 வெள்ளிக்கிழமை காலை 9.55 மணிக்கு நாங்கள் திண்டிவனம் போய்ச் சேர்ந்தோம். கலைப்பிரியாவின் முறையை அன்று மட்டும் மதியத்துக்கு மாற்றி வாங்கியிருந்ததால் அவளும் வாடகை வண்டியில் எங்களோடு வந்திருந்தாள். வண்டி வெள்ளை நிறம், பார்வைக்கு நன்றாக இருந்தது. நான் பானெட்டில் கை வைத்தேன், சுட்டது. இது என்னங்க என்று கேட்டதற்குக் கோகுலகிருஷ்ணன், "கோச்சிக்காதீங்க, நீங்க வர்றீங்களேன்னு இப்பதான் ஜல்தியா போயி டீசல் போட்டுக்கினு வந்து நிறுத்தினேன்" என்று சொன்னார். அன்று விடியற்காலை ஐந்து மணிக்குத் திண்டிவனத்தில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. அந்த இடம் பூராவும் ஈரமாக இருந்தது. சேஸிஸ் பார்க்கக் குனிந்தபோது வண்டிக்கு அடியில் மட்டும் தரை நன்றாகக் காய்ந்திருந்தது, டயருக்குப் பின்னால் ஈர மண்ணில் ஒரு தடமும் இல்லை. அதாவது மழைக்கு முன்னால் நின்ற இடத்தை விட்டு அந்த வண்டி அசையவே இல்லை. நின்ற இடத்திலேயே ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுச் சூடேற்றியிருக்கிறார் என்று எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

அதன் பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தேன், லேசாகப் புகை வந்தது; உள்ளே தேய்ந்துபோன எஞ்சினில்தான் அப்படி வரும். மூன்று மணி நேரம் ஆறவிட்டுப் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்குள் முன்பணம் கை மாறாவிட்டால் இந்த வண்டியே வேண்டாம் என்று அன்புச்செல்வன் வீட்டில் முன்பே பேசி வைத்திருந்தார்கள், அதைக் கோகுலகிருஷ்ணனிடமும் சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்கு வரச் சொன்ன சூட்சுமம் அதுதான். ராகு காலத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது, அதை வைத்து என் பெண்சாதியைத் தினமும் கேலி செய்கிறவன் நான்.

அதற்குள் கோகுலகிருஷ்ணன் பின் சீட்டை மடக்கி ஒரு மெத்தையை விரித்துவிட்டார். கலைப்பிரியா செருப்பைக் கழற்றி வெளியே ஜோடியாக வைத்துவிட்டு ஏறிப் படுத்தாள். "காலு நீட்ட முடியுதுண்ணே" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். கார்த்திகை தீபத்துக்குப் பிறகு அவள் முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான். அன்புச்செல்வன் செல்போனில் மணியைப் பார்த்துவிட்டு, "டைம் ஆய்க்கினு இருக்குதுண்ணே, முடிச்சிடலாமா?" என்று கேட்டார். மணி 10.22. இவ்வளவு பேர் முகத்தையும் கெடுக்கிற ஆளாக நான் இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். அதோடு, என்ன கோளாறு வந்தாலும் நாம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற திமிரும் எனக்கு இருந்தது. "தாராளமா முடி" என்று சொன்னேன். காய்ந்த தரையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அன்றே வண்டியை ஊருக்கு எடுத்து வந்துவிட்டோம். மறுநாள் காலை அது ஸ்டார்ட் ஆகவில்லை. அன்புச்செல்வன் என்னைக் கூப்பிட்டார். கம்ப்ரஷன் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்று நான்கு முறை செல்ஃப் அடித்ததிலேயே எனக்குத் தெரிந்தது. ஆனால் பனிக்காலத்தில் டீசல் வண்டி அப்படித்தான் இருக்கும் என்றும், ராத்திரி ஏரிக்கரைச் சரிவில் கல் வைத்து நிறுத்திவிட்டுக் காலையில் உருட்டினால் எடுத்துக்கொள்ளும் என்றும் சொல்லி, பேருக்கு ஹீட்டர் பிளக்கை மாற்றிக் கொடுத்தேன். அதன் பிறகு இருபது நாள் அவர் வண்டியைச் சரிவில்தான் நிறுத்தினார். அது உருளும் சத்தம் கேட்டுத்தான் எனக்குக் காலையில் விழிப்பு வரும். எஞ்சின் பிடித்துவிட்டது என்று காதில் விழுகிறவரை பாயை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

02.01.2026 வெள்ளிக்கிழமை மூன்று முறை உருட்டியும் அணைந்து அணைந்து போய், கிளம்பும்போது ஏழரை ஆகிவிட்டது. அங்கே அவளுடைய முறை போய்விட்டதால் திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பினார்கள். 05.01.2026 திங்கட்கிழமை காலை சரிவின் கீழே கரும்பு டிராக்டர் ஒன்று டயர் வெடித்துக் குறுக்கே நின்றுவிட்டது. வண்டியை உருட்ட வழியில்லை. நானும் போய்ச் செல்ஃப் அடித்துப் பார்த்தேன், வெள்ளைப் புகைதான் வந்தது, பேட்டரியும் இறங்கிவிட்டது. கலைப்பிரியா உள்ளே படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினாள். உதடு நிறம் மாறியது. கடைசியில் ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். நுரையீரலில் நீர் சேர்ந்துவிட்டது என்று சொல்லித் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள் வைத்திருந்து, நேற்று மாலை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். செவ்வாய்க்கிழமை அந்த மருத்துவமனை வராந்தாவில் அன்புச்செல்வன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை. அதனால் நானாகவே, கோகுலகிருஷ்ணன் முன்கூட்டியே சூடேற்றி வைத்து நம்மை ஏமாற்றிவிட்டான் என்றும், வண்டிக்கு அடியில் தரை காய்ந்திருந்தது என்றும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "இது எப்பண்ணே உனுக்குத் தெரிஞ்சுது?" என்று கேட்டார். "இப்ப யோசிக்கிறப்பதாம்பா தட்டுப்பட்டுச்சு" என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லாவிட்டால் இதுவும் எனக்குத் தெரியாமல் போயிருக்கும் என்று சொன்னார். அந்தக் கோபத்தில்தான் அவர் இன்று காலை திண்டிவனம் போயிருக்கிறார். எடுத்துப் போன ஸ்பேனர் என் கடையுடையது, வண்டியிலேயே இருக்கட்டும் என்று நான்தான் கொடுத்து வைத்திருந்தேன்.

மதியம் இரண்டு மணிக்குச் செய்தி வந்தது. கலைப்பிரியா சுவரைப் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தாள். "நீங்க நேர்ல பாத்தவரு, அவன் ஏமாத்தினதைப் போயி சொல்லுங்கண்ணே, உங்க பேச்சைக் கேப்பாங்க" என்று சொன்னாள். வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். கோகுலகிருஷ்ணன் ஏமாற்றினார், அதில் மாற்றமில்லை. ஆனால் அவர் ஏமாற்றியது அன்புச்செல்வனை மட்டும்தான், நான் ஏமாறவில்லை. இதை 12ஆம் தேதி காலையில் சொல்லியிருந்தால் அந்த வண்டி எங்கள் தெருவுக்கே வந்திருக்காது. செவ்வாய்க்கிழமையாவது முழுதாகச் சொல்லியிருந்தால் அந்த அடி எனக்கு விழுந்திருக்கும். எனக்கு வெட்கமாக இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அது தேவையில்லை என்று தலைமைக் காவலர் சொன்னார், நான் எழுதச் சொன்னேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில், எஞ்சினைச் சூடேற்றி வைத்திருந்த விவரம் "பின்னர் எனக்குத் தெரியவந்தது" என்று ஒரு இடத்தில் இருந்தது. அப்படியே இருந்தால் எனக்குச் சிக்கல் வராது என்று தலைமைக் காவலர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் அதை அடிக்கச் சொல்லி, அன்று காலையிலேயே எனக்குத் தெரியும் என்று எழுத வைத்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நாளை வெள்ளிக்கிழமை. கலைப்பிரியாவைக் காலை ஏழு மணிக்குப் புதுச்சேரியில் சேர்க்க வேண்டும். ஐந்து மணிக்கு வாடகை வண்டி சொல்லியிருக்கிறேன், நான்தான் கூடப் போகிறேன். போகிற வழியில் அவளிடமும் இதைச் சொல்ல வேண்டும்.

இதில் உள்ளது முழுவதும் நான் என் வாயால் சொன்னது, யாரும் மிரட்டியோ சொல்லிக் கொடுத்தோ சொன்னதல்ல. திருத்திய ஒரு இடம் உட்பட எல்லாம் உண்மை.

(ஒப்பம்) பூ. விருத்தாசலம்
08.01.2026, இரவு 7.40 மணி, திண்டிவனம்