காத்துப் பிடிக்க ரெண்டு மணி நேரம்

...ரெண்டு மணி நேரம், தம்பி. நாலு டயருக்குக் காத்துப் பிடிக்க ரெண்டு மணி நேரம்னு எழுதி வச்சிருக்கார் எங்க வீட்டுக்காரர் ரிஃப்கி. இந்தா பாருங்க, இந்தப் பச்சை ஃபைல்ல, முதல் பக்கத்துல. "ஆறு மணி, வீட்டை விட்டுக் கிளம்பல். ஆறு அஞ்சு, பெட்ரோல் பங்க், காத்து. எட்டு அஞ்சு, பங்கை விட்டுக் கிளம்பல்." மதியச் சாப்பாட்டுக்கு எவ்வளவு தெரியுமா? பதினொரு நிமிஷம். என்னன்னு கேட்டா, "திட்டம் திட்டம்தான் நெசஹாத்"னு மீசையைத் தடவிட்டுப் போயிடுவார்.

உக்காருங்களேன். ஓ... டயருக்குக் காத்துப் பிடிக்கிற இந்த டப்பா வேணுமா? இருங்க தரேன், மடியில வச்சுட்டு மறந்துட்டேன். சைக்கிள் பின்சக்கரமா? டையெல்லாம் கட்டிட்டு சைக்கிள்ல ஆபீஸ் போறீங்க, நல்லது. நீங்க பதினாலாம் நம்பர்ல புதுசா வந்தவர்தானே? போஸ்ட் பெட்டில ஹோல்ட்காம்ப்னு பேர் போட்டிருக்கு. நாங்க எதிர்வீடு. உங்க சமையலறை ஜன்னல்ல இன்னும் திரை போடல. சும்மா சொன்னேன்.

டீ குடிங்க. ஃப்ளாஸ்க்ல இருக்கறது ஆஸ்திரியாவுல குடிக்க வேண்டிய டீ. பரவால்ல, அங்க போகாதப்ப அதை வச்சு என்ன பண்றது.

ஒம்பது மாசம், தம்பி. ஒரு பிள்ளையைப் பெத்திருக்கலாம். ஒம்பது மாசமா இந்த மனுஷன் சமையலறைச் சுவர்ல மேப்பை ஒட்டி வச்சுட்டு, ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி, செர்பியா, பல்கேரியா, கடைசில எங்க ஊர் துருக்கின்னு கயிறு கட்டிட்டு இருந்தார். பருப்பு டப்பாவை எடுக்கணும்னா புடாபெஸ்டைத் தூக்கிட்டுத்தான் எடுக்கணும். ஆஸ்திரியாவுக்குக் கண்ணாடில ஒட்டுற ரோட்டு வரி ஸ்டிக்கர் பிப்ரவரிலயே வாங்கியாச்சு. ஹங்கேரில தண்ணி குடிக்கக் கூடாதாம். ஏன்னா தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும், ஒண்ணுக்குப் போனா காசு கேப்பான், அந்த ஊர்க் காசு நம்மகிட்ட இல்ல. ஒரு நாட்டையே நாக்கு வறண்டுபோய்த்தான் தாண்டணும். அவிச்ச முட்டை இருபது, எல்லைக்கு நாலு வீதம். பல்கேரிய முட்டையை செர்பியாவுல தொட்டா அவருக்குக் கோவம் வரும்.

மார்ச் மாசம் ஒத்திகை வேற. வாசல்ல நிக்கிற வண்டிக்குள்ள நாலு மணி நேரம் உக்காந்திருந்தோம். வண்டி ஒரு அடி நகரல. அவர் ஸ்டீயரிங்கைத் திருப்புறார், நான் சூரியகாந்தி விதை உரிச்சுக் குடுக்கறேன். கடைசில எனக்கு வாந்தி வந்துடுச்சு. "வியன்னா வளைவு அப்படித்தான்"னு சொல்றார்.

விமானமா? பிள்ளைங்க விமானத்துலதான் வராங்க. மூணு மணி நேரம். அது ஊருக்குப் போறதா? ஊருக்குப் போறதுன்னா வண்டி பின்பக்கம் தரையைத் தேய்க்கணும். ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் காபி, சாக்லேட், சலவைத் தூள். அங்கேயும் கடையில கிடைக்குது, தெரியும். ஆனா இங்கேர்ந்து மூவாயிரம் கிலோமீட்டர் குலுங்கிட்டு வந்த தூளுக்குத்தான் அழுக்குப் போகும்னு என் ஓரகத்தி நம்புறா.

இந்த வருஷம் அதெல்லாம் பெருசில்ல. பின் சீட்டைப் பாருங்க. பெல்ட் போட்டு உக்காந்திருக்கே, வெள்ளைப் பைக்குள்ள, அதான் கல்யாணப் பொண்ணோட உடுப்பு. அவரோட அண்ணன் மக செலிஹாவுக்கு. ஞாயித்துக்கெழமை எங்க ஊர் யோஸ்காத்ல கல்யாணம். அங்க ஒண்ணும் பிடிக்கல அவளுக்கு. இங்க, நம்ம மார்க்ஸ்லோ கடைத்தெருவுலதான் வேணும்னா, அளவை போன்ல சொன்னா, தச்சு வாங்கினோம். இது ஞாயித்துக்கெழமை காலைல அங்க இல்லேன்னா அந்தப் பொண்ணு அவங்கம்மா நைட்டியோடதான் மேடைக்குப் போகணும்.

இன்னிக்கு வியாழன். நாளைக்கு விடியறதுக்குள்ள துருக்கி எல்லைக்குப் போயிடணும். வெயில் ஏறிட்டா ஹாலந்துக்காரன், பெல்ஜியத்துக்காரன்னு அங்கங்க குடியேறின எங்க துருக்கி ஆளுங்க மொத்தப் பேரும் வந்து நின்னுடுவாங்க. வரிசை ஒம்பது மணி நேரம், பத்து மணி நேரம். அதுக்குத்தான் இத்தனை திட்டம்.

இப்ப மணி ஏழு இருபது. வீட்லேர்ந்து எவ்வளவு தூரம் வந்திருக்கோம் தெரியுமா? தொள்ளாயிரம் மீட்டர்.

பாஸ்போர்ட் இல்ல, தம்பி.

ஃபைல்ல எல்லாம் இருக்கு. செர்பியாவுல ஆஸ்பத்திரி எங்க, பல்கேரியாவுல மசூதி எங்க, முட்டைக்குக் கணக்கு, எல்லாம். பாஸ்போர்ட் மட்டும் வீட்ல. எடுத்துட்டு வரலாமேங்கறீங்க. வண்டியைத் திருப்ப முடியாதே. காலைல நாங்க கிளம்பும்போது பக்கத்து வீட்டு குல்சும் பின்னாடி ஒரு வாளித் தண்ணி ஊத்திட்டா. எங்கள்ல அது வழக்கம். தூரப் பயணம் போறவங்க தண்ணி மாதிரித் தடையில்லாமப் போய் தண்ணி மாதிரித் திரும்பணும்னு ஊத்துறது. ஊத்தின பிறகு பாதி வழியில திரும்பக் கூடாது. திரும்பினா பயணம் கெட்டுப்போகும்.

நாங்க ஒரு தடவை திரும்பினோம். பதினெட்டு வருஷம் முன்னாடி. டீ கெட்டிலை மறந்துட்டேன்னு திரும்பி வந்து எடுத்துட்டுப் போனோம். செர்பியாவுல, நிஷ் பக்கத்துல, கியர் பாக்ஸ் போயிடுச்சு. பதினொரு நாள் ஒரு மெக்கானிக் வீட்டு முற்றத்துல குடியிருந்தோம். அவங்கம்மாவுக்கு நான் திராட்சை இலையில சோறு சுருட்டக் கத்துக் குடுத்தேன். இன்னும் வருஷா வருஷம் பிளம் ஜாம் அனுப்புறா. அன்னிக்கே சொல்லிட்டேன், தண்ணி ஊத்தினா திரும்பறதில்லன்னு. அதுக்கப்புறம் நாங்க திரும்பினதே இல்ல. ஒரு வருஷம் அவர் பல் செட்டை விட்டுட்டு வந்து மூணு வாரம் சூப் குடிச்சார். திரும்பல.

அதனால இன்னிக்கு அவரை நடந்து போகச் சொன்னேன். வண்டிதான் திரும்பக் கூடாது, காலுக்கு அந்தக் கட்டுப்பாடு கெடயாதுன்னு. போனார். மேசை டிராயரெல்லாம் தேடினாராம், இல்லையாம். வெறுங்கையோட வெளிய வந்தா குல்சும் நிக்கிறா. "அடுப்பை அணைச்சோமான்னு பாக்க வந்தேன்"னு சொல்லியிருக்கார். அவ சும்மா விடுவாளா? இன்னொரு வாளி. இப்ப காலும் போச்சு.

அவளையே எடுத்துத் தரச் சொல்லலாம்னா, எங்க வீட்டுச் சாவி அவகிட்ட இல்ல. போன வருஷம் குடுத்தேன், என் செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி. இருபத்திரெண்டு தொட்டியும் காஞ்சு சருகு. செடிக்கு ஊத்த மாட்டா, எங்க முதுகுக்குப் பின்னாடின்னா வாளி வாளியா ஊத்துவா. போன் பண்ணிக் கேட்டா, பாஸ்போர்ட் இல்லாம பங்க்ல உக்காந்திருக்காங்கன்னு நாங்க போறதுக்கு முன்னாடி சேதி யோஸ்காத் போயிடும். நானே போகலாம்தான். குல்சும் எதிர்ல வந்து என்னன்னு கேட்டா? எனக்குப் பொய் சொல்ல வராது, தம்பி. அதான் என் குறை.

அவரா? அதோ, பங்க் கடைக் கண்ணாடிக்குள்ள பாருங்க. வண்டிச் சாவியைப் பாக்கெட்டுல போட்டுட்டு, காபி குடிச்சுட்டு இருக்கார். மூணாவது கப். பதறவே இல்ல. ஒம்பது மாசம் முட்டையை எண்ணின மனுஷன், கல்யாணமே நிக்குதுங்கறப்ப ஏதோ வெளையாட்டுச் செய்தி படிச்சுட்டு இருக்கார். அதான் எனக்கு எரியுது.

பாஸ்போர்ட் எங்க இருக்குன்னு எனக்கு இப்ப ஞாபகம் வந்துடுச்சு. டீ ஊத்தும்போது. ஃப்ரீசர்ல. கீழ்த்தட்டு, பச்சைப் பட்டாணிப் பை. நான்தான் வச்சேன். அடுத்த தெருவுல திருடன் வந்தானே, அதுக்குப் பயந்து. அவர்கிட்ட சொல்லல. சொன்னா அதையும் பட்டியல்ல எழுதி, பட்டியலை மசூதி டீக்கடை முழுக்கக் காட்டுவார்.

சரி, என் தப்புதான். அதனாலதான் சொல்றேன். உங்களுக்கு யாரும் தண்ணி ஊத்தல. நீங்க போகலாம். வீடு உங்க எதிர்லயே. சாவி தரேன். பட்டாணிப் பையை எடுத்துட்டு, பின்வாசல் வழியா வந்துடுங்க. குல்சும் பாத்தா உங்களுக்கும் ஊத்திடுவா.

ஏன் சிரிக்கிறீங்க? திரும்பினா என்ன ஆயிடும்ங்கறீங்களா?

...ஒண்ணும் ஆகாது. யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சரியா? தண்ணி ஊத்தறது வழக்கம்தான். திரும்பக் கூடாதுங்கறது வழக்கமில்ல. அது நான் சொன்னது. அந்த வருஷம் எங்கம்மாவுக்கு வாஷிங் மெஷின் கொண்டு போனே ஆகணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன். அவர் வேண்டாம் வேண்டாம்னார். கூரை மேல கட்டினோம். கியர் பாக்ஸ் செத்ததும் அவர் வண்டியை விட்டு இறங்கி, இடுப்புல கையை வச்சு, மெதுவா அண்ணாந்து பாத்தார். அவர் கண்ணு மெஷின்கிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள நான் சொல்லிட்டேன், "தண்ணி ஊத்தின பிறகு திரும்பினோமே, அதான்." அவ்வளவுதான். ஒரே ஒரு வாய் வார்த்தை. பதினெட்டு வருஷம் ஆச்சு. குல்சும்கூட நம்பிட்டா, அவ பிள்ளைங்களுக்கும் சொல்லி வச்சுட்டா. இனிமே எப்படி இல்லேங்கறது? அந்தப் பல் செட்டு வேற இருக்கு.

இருங்க, சாவியை எடுக்கறேன். கைப்பை முழுக்க முட்டைக்குப் போடற உப்பு... இந்தா. பட்டாணிப் பை ரெண்டு இருக்கும், கனமா இருக்கறது...

தம்பி? ஹோல்ட்காம்ப் தம்பி?

காத்தைப் பிடிச்சுட்டு ஓடிட்டான். டப்பாவைக்கூட மாட்டல. டீ கிளாஸை மட்டும் கழுவி வச்சுட்டுப் போயிருக்கான்.

...இங்க பாருங்க, ரிஃப்கி, நானே கடைக்குள்ள வந்துட்டேன். காபி போதும். எழுந்திரிங்க. வண்டியைத் திருப்புங்க. வீட்டுக்கு. ஆமா, வண்டியைத்தான். பாஸ்போர்ட் ஃப்ரீசர்ல, பட்டாணிப் பைக்குள்ள இருக்கு. அப்படிப் பாக்காதீங்க. தண்ணியாவது ஒண்ணாவது. அன்னிக்கு கியர் பாக்ஸ் போனது வாஷிங் மெஷினால. ஆமா, எங்கம்மா வாஷிங் மெஷின்தான். சொல்லிட்டேன். என்ன வேணா திட்டிக்கோங்க, வண்டில ஏறித் திட்டுங்க.

என்னது, மணியைப் பாக்குறீங்க? ஃபைல் என்கிட்ட இருக்கு. முதல் பக்கம்தான் பாத்தேனே. அடியிலயா? பென்சில்ல... கண்ணாடி குடுங்க.

"காத்து, ஆறு நிமிஷம். நெசஹாத் மெஷினை ஒத்துக்கொள்ள, ஒரு மணி முப்பத்துநாலு நிமிஷம். வீட்டுக்குப் போய்வர, இருபது."

மெஷின்தான்னு யார் சொன்னாங்க? ...மெக்கானிக்கா? நிஷ்லயே? அந்த வாரமேவா? பதினெட்டு வருஷமா இதை எழுதிட்டு வர்றீங்களா? எதையாவது மறந்துட்டு வருவோம்னு தெரிஞ்சேதான் போய்வர இருபதா? அப்ப அந்த மூணு வாரம் சூப்பு?

சிரிக்காதீங்க. சிரிக்காதீங்கன்னா. சாவியைப் போடுங்க. இன்னும் நாப்பது நிமிஷம் மிச்சமிருக்கு. குல்சும் வாளியோட வாசல்லதான் நிப்பா, உங்க பக்கத்துக் கண்ணாடியை ஏத்திக்கோங்க.